முதுகில் ‘டக்’ என்று நெட்டி எடுத்துக்கொண்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சத்துவாச்சாரி பையன்:

போன ஆடி மாதம் முழு சிலிண்டரை ஒற்றைக் கையால் இழுத்தேன். இடுப்பில் ‘கடக்’. குனிந்தவன் குனிந்தபடியே நின்றுவிட்டேன். “இன்னா கண்ணு, புடிச்சிக்கிச்சா?” என்று வந்த ஆயா, பக்கத்துத் தெருவில் கால் முன்னால் பிறந்த ஒரு அக்காவைக் கூட்டிவந்து என் இடுப்பில் மூன்று உதை வாங்கிக் கொடுத்தார். அக்கா வெட்கப்பட்டுக்கொண்டே உதைத்தார். வலி போகவில்லை.

அப்புறம் சென்னையில் ஒரு கைரோபிராக்டரிடம் போனேன். முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அழுத்தி, திருகி வைத்தியம் பார்க்கிறவர். யூடியூப் பார்த்துவிட்டுப் போனதால், உள்ளே நுழைந்ததும் கழுத்தைத் திருகுவார் என்று பயந்தேன். முதல் அரைமணி நேரம் முதுகில் கையே வைக்கவில்லை. படுக்கவைத்து ஒவ்வொரு காலாக நேராகத் தூக்கிப் பார்த்தார், முழங்காலில் சுத்தியால் தட்டினார், ஒன்றுக்குப் போவதில் சிரமம் இருக்கிறதா என்று கேட்டார். இடுப்பு வலிக்கு இது எதுக்கு என்று அப்போது தோன்றியது.

பிறகு ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். மேல்காலை மடக்கி, தோளை ஒரு பக்கமும் இடுப்பை மறுபக்கமும் லேசாக முறுக்கி, இதற்குமேல் போகாது என்ற இடத்தில் பிடித்து, மூச்சை விடச் சொன்னார். விட்ட கணத்தில் சின்னதாக, ஆனால் வேகமாக ஒரு தள்ளு. பட்பட்டென்று இரண்டு சத்தம். வேகம்தான் அதிகம், தூரம் கொஞ்சம். இந்த முறைக்கு டைவர்சிஃபைட் என்று பெயராம். அடுத்து டிராப் டேபிள். குப்புறப் படுத்தால் இடுப்புக்குக் கீழிருக்கும் பலகையை ஒரு விரற்கடை உயர்த்தி நிறுத்துகிறார்கள். அழுத்தியதும் ‘டொக்’ என்று இறங்குகிறது. அது பலகைச் சத்தம், நம் எலும்பில்லை. ஆக்டிவேட்டர் என்று ஒன்றும் காட்டினார். சிரிஞ்ச் மாதிரி கையில் பிடிக்கிற ஸ்பிரிங் கருவி, நுனியில் ரப்பர். வயதானவர்களுக்கு, திருகினால் பயப்படுகிறவர்களுக்கு அதுவாம்.

எலும்பு இடம் மாறி உட்காருகிற சத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. மூட்டுக்குள் பிசுபிசுப்பாக ஒரு திரவம் இருக்கிறது. மூட்டு சட்டென்று விரியும்போது அழுத்தம் குறைந்து அதில் வாயுக் குழி உண்டாகிறது. 2015-ல் கனடாவில் ஒருவரின் விரலை எம்.ஆர்.ஐ.க்குள் வைத்தே இழுத்துப் படம் பிடித்திருக்கிறார்கள். ஒருமுறை சொடுக்கினால் அதே மூட்டு சுமார் 20 நிமிடத்துக்குத் திரும்பச் சொடுக்காது. விரலில் நீங்களே பார்க்கலாம்.

பலன்? இரண்டு நாள் சொர்க்கம், மூன்றாம் நாள் பாதி வலி திரும்பியது. கடைசியில் குணமானது அவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியாலா, தானாகவா, சொல்லத் தெரியவில்லை. கட்டணம் சிலிண்டர் விலையைவிட அதிகம்.

பேரணாம்பட்டு மருமகள்:

எங்கள் மாமியார் நாற்பது வருடமாக பீடி சுற்றுகிறார். மடியில் முறம், குனிந்த தலை. கழுத்து ஒரு பக்கம் திரும்பவே திரும்பாது. என் கொழுந்தன் சலூனில் முடி வெட்டிய கையோடு கழுத்தில் நெட்டி எடுத்துக்கொள்கிறவன், “அம்மாவையும் அங்கேயே கூட்டிட்டுப் போகலாமா அண்ணி?” என்றான். தமாஷ் பண்ணாதே என்று திட்டினேன். கழுத்தெலும்புத் துளைகள் வழியாகத்தான் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஏறுகிறது. வேகமாகத் திருகி அதன் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அபூர்வம்தான், ஆனால் வந்தால் பெரிய ஆபத்து.

வேலூரில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டினோம். அவர் திருகவே இல்லை. கட்டைவிரல் இரண்டையும் கழுத்தெலும்பின் மேல் வைத்து, தூளி ஆட்டுவதுபோல் மெதுவாக அசைத்துக்கொண்டே இருந்தார். மெய்ட்லண்ட் முறையாம். ஒன்றிலிருந்து நான்கு வரை மெதுவான அசைவு, ஐந்தாவதுதான் அந்த வேகத் தள்ளு. “அம்மாவுக்கு எலும்பு தேய்ந்திருக்கிறது, ஐந்து வேண்டாம்” என்றார். சத்தமே வரவில்லை என்று மாமியாருக்குப் பெரிய குறை. “காசு வாங்கிக்கினு தடவி அனுப்பிட்டான்” என்றார். ஆனால் இப்போது பஸ்ஸில் உட்கார்ந்து திரும்பிப் பேசுகிறார்.

ஆம்பூர் ஷூ லைன்:

சத்துவாச்சாரி தம்பி, ஒன்றுக்குப் போவதைப் பற்றி ஏன் கேட்டார்கள் என்று நான் சொல்கிறேன். கம்பெனியில் தோல் கட்டு தூக்கும் என் மச்சானுக்கு டிஸ்க் பிதுக்கம், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கும் தட்டு வெளியே பிதுங்கியிருந்தது. ஓரிடத்தில் பத்து சிட்டிங் பேக்கேஜ் என்று முன்பணம் வாங்கிக்கொண்டு, ஸ்கேன்கூடப் பார்க்காமல் வாரம் இரண்டுமுறை முறுக்கினார்கள். ஐந்தாவது சிட்டிங்குக்கு அப்புறம் வலி இரண்டு காலிலும் இறங்கியது. வேறொருவரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, “உட்காருகிற இடம் மரத்துப்போன மாதிரி இருக்கா?” மச்சான் தயங்கித் தயங்கி, காலையிலிருந்து ஒன்றுக்கு வரவில்லை என்றான். அவர் உடனே எழுந்துவிட்டார். “நான் தொட மாட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே போங்க.” கட்டணமும் வாங்கவில்லை. தண்டுவடத்தின் அடியில் குதிரைவால்போலப் பிரியும் நரம்புக்கொத்து நசுங்கியிருந்தது. ஒன்றுக்கு வராமல் போனது அதனால்தான். அன்று ராத்திரியே ஆபரேஷன். இப்போது நடக்கிறான், கட்டு தூக்குவதில்லை.

காட்பாடி ஜங்ஷன்:

எங்கள் வீட்டில் எது சுளுக்கினாலும் நேராகப் புத்தூர் கட்டுதான், ஆந்திராவின் புத்தூரில் முட்டை தடவிப் போடுகிற எலும்புக் கட்டு. ரயிலும் இருக்கு, முட்டையும் இருக்கு. ஆனாலும் எக்ஸ்ரே எடுத்துவிட்டுத்தான் போவோம்.

சத்துவாச்சாரி பையன்:

ஆம்பூர் அண்ணா, படித்ததும் கை சில்லிட்டது. அந்தக் கேள்விக்கு மனசுக்குள் சிரித்தவன் நான்.

இன்னொன்று. இந்தக் கைரோபிராக்டர் வைத்தியம் 1895-ல் அமெரிக்காவின் டேவன்போர்ட்டில் தொடங்கியது. டி.டி. பால்மர் என்பவர் காது கேட்காத ஒரு துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்திக் கேட்க வைத்ததாகச் சொன்னார். காது நரம்பு முதுகு வழியாகப் போவதே இல்லை, அதனால் அந்தக் கதையை நான் நம்பவில்லை. ஆயாவிடம் சொன்னேன். அவர் முழுசாக நம்பிவிட்டார். என் கன்னத்தை வழித்து, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கி நெட்டி முறித்தார். எட்டு சத்தம்.

“பார்த்தியா, எவ்ளோ கண்ணு பட்டிருக்கு. இதான் இடுப்புல எறங்கிகீது.”