புதுப்பிப்பு: நீண்ட எக்ஸ்போஷரில் ஏறிய செந்நிறச் சாயம்

10 ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்க லென்ஸுக்கு முன்னால் போடும் கறுப்புக் கண்ணாடி) மாட்டி, ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்துக் கடலோர அஸ்தமனத்தை எடுத்தால் படம் முழுக்கப் பழுப்புச் சிவப்பு ஏறுகிறது, பாறையின் நிழல்கூடச் சிவக்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

இந்த ஃபில்டர் கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காக்குகிறது. அகச்சிவப்பை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. சென்சாருக்கு முன்னால் உள்ள தடுப்பும் அதை முழுசாக வடிகட்டாது. மற்ற ஒளி குறைந்துவிட்டதால் அந்தக் கசிவு தூக்கலாகத் தெரிகிறது. அகச்சிவப்பையும் தடுக்கும் ஃபில்டரை இரவல் வாங்கிப் போட்டேன், பாறை பாறை நிறத்துக்கு வந்தது.

வெள்ளைச் சமநிலையை (படத்தின் மொத்த நிறச் சாயலைத் திருத்தும் அமைப்பு) மாற்றச் சொன்னவர்களுக்கு: ரா கோப்பில், அதாவது கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் கோப்பில், ஓரளவு சரியானது, ஆனால் வானத்தின் ஆரஞ்சும் சேர்ந்தே வெளுத்தது.

அப்புறம் ஷட்டர் திறந்திருக்கும் நேரக் கணக்கு. ஃபில்டர் இல்லாமல் 1/30 விநாடி என்றால், மாட்டியபின் சுமார் 34 விநாடி. சூரியன் இறங்கும்போது ஒளி குறைந்துகொண்டே போவதால் நிமிடக்கணக்கில் திறந்து வைக்கும்போது கொஞ்சம் கூடுதலாகவே விடுகிறேன். அலை பனிமூட்டமாக வேண்டுமென்றால் இதெல்லாம் சரி. எனக்கென்னவோ அரை விநாடியில் நுரை கோடு கோடாக இழுபடுவதுதான் பிடிக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் அதற்கு இந்த ஃபில்டரே வேண்டாம்.