வெயில் ஆகாத உடம்பு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வேப்பநிழல்:

எனக்கு லூபஸ் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற நோய் அது. ரிப்போர்ட்டில் எஸ்.எல்.இ. என்று போட்டிருக்கும். ஊர் விருதுநகர் பக்கம், அரசுப் பள்ளியில் ஆசிரியை. "வெயில்லயே பொறந்து வெயில்லயே வளர்ந்த புள்ளைக்கு வெயில் ஆகலையாம்ல" என்று ஒரு விசேஷ வீட்டில் பெரியம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர்களுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. எனக்கே விளங்க ஒரு வருடம் ஆனது.

ஆரம்பித்தது ஒரு தைப்பொங்கலில். வாசலில் அடுப்பு மூட்டி, பானை பொங்கி இறக்கும்வரை கிழக்கே பார்த்து இரண்டு மணி நேரம் நின்றேன். அன்றைக்கு ஒன்றும் இல்லை. மாட்டுப் பொங்கலும் நல்லபடியாகப் போனது. நாலாம் நாள் காலையில் இரண்டு கன்னமும் மூக்குத்தண்டும் தடித்திருந்தன. என் நிறத்துக்கு அதைச் சிவப்பு என்று சொல்ல முடியாது, நாவல்பழத்தைத் தேய்த்த மாதிரி ஒரு கருஞ்சிவப்பு. மூக்கோரத்திலிருந்து உதட்டு முனைக்கு இறங்குகிற மடிப்பு மட்டும் பழைய நிறத்தில் கோடு போட்டதுபோல் தெரிந்தது.

அம்மா அம்மை என்று நினைத்து வேப்பிலை செருகி, மூன்றாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அடங்கவில்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிப் பூசினேன். பூசினால் குறையும், விட்டால் முன்னைவிட அதிகமாக வரும். அதில் ஸ்டீராய்டு இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. பங்குனி வாக்கில் விரல் மூட்டுகள் வீங்கி சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. தினமும் சாயங்காலம் காய்ச்சல்.

கடைசியில் ஒரு தோல் டாக்டரம்மா என் முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அந்த மடிப்பை விரலால் தடவிவிட்டு, தோலைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "காலையில எழுந்ததும் விரல் மடக்க வருதா? முடி கொட்டுதா? வாய்க்குள்ள புண்ணு வருதா?" என்று கேட்டார். மூன்றுக்கும் ஆமாம் என்றேன். ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் தோலின் செல்கள் கொஞ்சம் சாகும். எல்லோருக்கும் நடப்பதுதான், உடம்பு அதைக் கூட்டி அள்ளிவிடும். லூபஸ் உடம்பு அப்படி அள்ளாது. செத்த செல்லின் கருவிலிருந்து வெளியே வந்ததை எதிரி என்று எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகும். அதனால்தான் கன்னத்தில் பட்ட வெயில் மூட்டில் வலியாகவும், சிலருக்குச் சிறுநீரகத்தில் வீக்கமாகவும் போய் நிற்கிறது. அதுவும் உடனே இல்லை. சில நாளில் வரும், இரண்டு மூன்று வாரம் கழித்தும் வரும்.

இந்தத் தாமதம்தான் எனக்குப் பெரிய வினையாக இருந்தது. "அன்னைக்குக் கொடியேத்தத்துல நல்லாத்தான நின்னீங்க டீச்சர்?" என்று கேட்பார்கள். நின்றது ஆகஸ்ட் 15, படுத்தது 19. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. காலைப் பிரேயருக்கு வராமல் ஒதுங்குகிறேன் என்று பேர் வந்தது. டாக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தேன். அதன் பிறகும் ஒவ்வொரு புதுத் தலைமையாசிரியருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

மதுரைக்குச் செக்கப்புக்குப் போகிற பஸ்ஸில் எப்போதும் இடது பக்கம்தான் உட்காருவேன். காலையில் வடக்கே போகும்போது வெயில் வலது பக்கம். சாயங்காலம் தெற்கே திரும்பும்போதும் வலது பக்கம்தான். ஒரு தடவை வலது ஜன்னலோரம்தான் இடம் கிடைத்தது, கண்ணாடியை மூடிவிட்டுத் தூங்கிவிட்டேன். அந்த வாரம் வலது கன்னம் மட்டும் தடித்தது. தோலைப் பொசுக்குகிற கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுக்கும், யு.வி.ஏ. என்கிற இன்னொன்றை அவ்வளவாகத் தடுக்காது என்று அதன் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கிறாள். மூன்று மணிக்கு மேற்கு வெயில் மேசையைத் தொடும்போது, யாரும் சொல்லாமல் எழுந்துபோய் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருவாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

உங்களுக்கு எப்படித் தெரியவந்தது? வீட்டில், வேலையில் எப்படிச் சொன்னீர்கள்?

கடலைக்காடு:

அக்கா, எனக்கு வியாதியால இல்ல, மாத்திரையால வந்துச்சு. போன மார்கழியில விடாத காய்ச்சல். அக்குள்ல சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருந்துச்சு. அதைப் பாத்ததுமே டாக்டர் ஸ்க்ரப் டைபஸ்னு சொல்லிட்டாரு, புதர்ல இருக்கிற சின்னப் பூச்சி கடிச்சு வர்றதாம். டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு. ரெண்டே நாள்ல காய்ச்சல் விட்டுருச்சு. அந்த மாத்திரைதான் என் உசுரைக் காப்பாத்துச்சு, அதுல சந்தேகமே இல்ல.

நாலாம் நாள் உடம்பு தேவலைன்னு கடலை பிடுங்கப் போயிட்டேன். பொழுது சாயறதுக்குள்ள ரெண்டு புறங்கையும் வெந்நி ஊத்துன மாதிரி எரிஞ்சுது. முழுக்கைச் சட்டை முடியற இடத்துல கோடு கிழிச்சாப்ல நின்னுருச்சு, மணிக்கட்டுக்கு மேல ஒண்ணுமில்ல. ரெண்டு வாரம் கழிச்சு நகமெல்லாம் நுனியில இருந்து சதையை விட்டுத் தூக்கிக்கிட்டு வந்துச்சு. மண்ணு உள்ள போனா உசுரு போற வலி. நகச்சொத்தைன்னு நெனச்சு ஏதேதோ போட்டேன். இந்த மாத்திரையோட வெயில் சேந்தா நகம் இப்படித் தூக்கும்னு அப்புறம் டாக்டர் சொன்னாரு. புது நகம் முழுசா வர ஆறு மாசம் ஆச்சு.

காட்டு வேலை பாக்கிறவனுக்கு இந்த மாத்திரையைக் கொடுக்கும்போது "ஒரு வாரம் வெயில்ல நிக்காத"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதான் என் ஆதங்கம்.

ரிட்டையர்டு_தபால்காரர்:

பிரஷர் மாத்திரையிலும் உண்டு. ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்த மாத்திரை, பல கம்பெனிகளில் பெயரின் கடைசியில் 'எச்' என்று இருக்கும். பின்கழுத்தும் முன்கையும் அரித்துக் கறுத்துக்கொண்டே போனது. வயசாகிறது, அதனால் என்று இரண்டு வருடம் விட்டுவிட்டேன். டாக்டரிடம் அட்டையைக் காட்டிக் கேட்ட பிறகு வேறு மாத்திரைக்கு மாற்றினார். நீங்களாக நிறுத்த வேண்டாம். பிரஷர் ஏறிவிட்டால் அது வேறு ஆபத்து.

தேனிக்காரி:

வெண்புள்ளிக்கு வெயிலே மருந்தாகிற கதையும் இருக்கிறது. கார்போக அரிசி எல்லோருக்கும் தெரிந்த நாட்டு மருந்துதான். அதில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது, அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் பல மடங்கு அதிகமாக எதிர்வினை காட்டும். டாக்டர்கள் இதே பொருளைக் களிம்பாகக் கொடுத்து நிமிடக் கணக்கில் வெயில் காட்டச் சொல்வார்கள். என் நாத்தனார் யாரோ சொன்னார்கள் என்று கார்போக அரிசியை அரைத்து முழங்காலில் பூசி, மொட்டை மாடியில் வற்றல் காய வைக்கப் போய்விட்டாள். மறுநாள் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம். மருந்து பொய்யில்லை. அளவு தெரியாமல் போனதுதான் தப்பு.

புதுசு_23:

டீச்சரக்கா, எனக்கு லூபஸ்னு தெரிஞ்சு நாலு மாசம்தான் ஆகுது. வைகாசியில கல்யாணம். அவங்க வீட்ல எல்லாம் சொல்லியாச்சு, அவருக்கும் தெரியும். ஆனா போட்டோகிராபர் பதினோரு மணிக்கு வெளியில ஷூட் வச்சிருக்கார். அத்தை வேற, லூபஸுக்குக் கொடுத்திருக்கிற ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிட்டா கறுத்துடுவ, கல்யாணம் முடியறவரை நிறுத்துன்னு சொல்றாங்க. என்னக்கா செய்ய?

வேப்பநிழல்:

தங்கச்சி, முதலில் மாத்திரை. நிறுத்தாதே. நானும் இரண்டாவது வருடம், வெயில் ஆகாமல் போனதே இந்த மாத்திரையால்தான் என்று நினைத்து இரண்டு மாதம் நிறுத்தினேன். சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்து, ஸ்டீராய்டு அளவைக் கூட்டும்படி ஆனது. வெயிலால் நோய் கிளம்பாமல் காக்கிறதே அந்த மாத்திரைதான். நிறம் கொஞ்சம் மாறுவது சிலருக்கு உண்டு, அதை உன் டாக்டரிடம் கேள், அத்தையிடம் வேண்டாம். 2020-ல் கொரோனாவுக்கு என்று எல்லோரும் அதைத் தேடி வாங்கியபோது நான் ஐந்து கடை ஏறி இறங்கி ஒரு அட்டை வாங்கினேன். அன்றைக்கு அதன் அருமை தெரிந்தது. கண் பரிசோதனைக்கும் டாக்டர் சொல்கிற கணக்குப்படி தவறாமல் போ.

ஷூட்டைக் காலை ஆறரைக்கு மாற்றச் சொல். ஏழரைக்குள் நிழலுக்கு வந்துவிடு. சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், பி.ஏ. (யு.வி.ஏ.வைத் தடுக்கிற அளவு) பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவது இருப்பதாகப் பார்த்து வாங்கு. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் பூச வேண்டும். பட்டாணி அளவு தொட்டுக்கொண்டால் அட்டையில் போட்டிருக்கிற காப்பு கிடைக்காது. நம் நிறத்துக்கு வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் நிறம் சேர்த்தது கேட்டு வாங்கு. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசு. குடையைத் தோழி கையில் கொடுத்து வை. வெயிலை ஒதுக்குகிறவர்களுக்கு வைட்டமின் டி குறையும், அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்.

போட்டோகிராபரிடம் நீயே சொல். "மாத்திரை சாப்பிடுறேன், வெயில் ஆகாது" என்றால் போதும், நோயின் பேர்கூட அவருக்கு வேண்டியதில்லை.

புதுசு_23:

அக்கா, ஷூட் திங்கட்கிழமை முடிஞ்சுது. ஆறே கால் மணிக்கு, கோயில் குளத்துப் படித்துறையில. போட்டோகிராபர் அண்ணனே "இந்த வெளிச்சம்தான்மா நல்லாருக்கு"ன்னு சொன்னார். குடை பிடிக்க அவரே வந்து நின்னார், நான் கட்டிக்கப் போறவர். ஏழு இருபதுக்கு மண்டபத்துக்குள்ள வந்துட்டோம்.

இன்னைக்கு வியாழன், நாலாம் நாள். எழுந்ததும் கண்ணாடிதான் பாத்தேன். கன்னத்துல ஒண்ணுமில்ல. விரலை மடக்கிப் பாத்தேன், மடங்குது.