மறு: மறு: ‘டிரை ஒயின்’: உலர், துவர், இனிப்பிலி? (வியாழன் மாலை அச்சு)

திருப்பூர், மொழிபெயர்ப்பாளர்

குழுவினருக்கு வணக்கம். நாசிக் பக்கத்து ஒயின் ஆலை ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். கோவை, திருப்பூர், ஈரோட்டிலிருந்து சுற்றுலா போகிறவர்கள் கையில் வைத்துப் படிப்பதற்கானது. திராட்சை நசுக்குதல், நொதிக்கலன், மரப்பீப்பாய் வரை சிக்கலில்லை. சுவைபார்க்கும் மேசைக்கு வந்ததும் வேலை நின்றுவிட்டது. ஆறு ஒயின், ஒவ்வொன்றிலும் 30 மில்லி. அட்டையில் நான்கு இடத்தில் ‘டிரை’. பழைய வரைவில் ‘உலர் ஒயின்’ என்றிருக்கிறது. படிப்பவர் அதை உலர்திராட்சையில் செய்தது என்றுதான் எடுத்துக்கொள்வார். அப்படியும் ஒயின் உண்டு, இத்தாலியின் அமரோனே அந்த வகை. வியாழன் மாலைக்குள் ஒரு சொல் வேண்டும்.

கோவை, உணவக மேலாண்மை ஆசிரியர்

‘உலர்’ வேண்டவே வேண்டாம். இங்கே பேச்சு ஈரத்தைப் பற்றியதல்ல, சர்க்கரையைப் பற்றியது. சாற்றில் லிட்டருக்கு 220 கிராம் சர்க்கரை இருந்தால், ஈஸ்ட் ஏறக்குறைய 17 கிராமுக்கு ஒரு சதவீதம் என்ற கணக்கில் அதை ஆல்கஹாலாக்கும். கடைசி வரை தின்று முடித்தால் 13 சதவீத ஒயின் கிடைக்கும். நாக்குக்கு இனிப்பு தெரியாது. அதுதான் டிரை. ஐரோப்பிய விதிப்படி மிச்சச் சர்க்கரை லிட்டருக்கு 4 கிராம் வரை. புளிப்பு தக்க அளவு இருந்தால் 9 வரை போகலாம். 45-க்கு மேல் போனால் இனிப்பு ஒயின்.

சொல் தேடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. சிவப்பு ஒயினைக் குடித்ததும் ஈறும் கன்னமும் இழுத்துப் பிடிக்கும், வாய் காய்ந்த மாதிரி இருக்கும். உடனே “ரொம்ப டிரை” என்பார்கள். அது டிரை அல்ல, டானின். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வருவது, ஓக் பீப்பாயும் கொஞ்சம் தரும். எச்சிலில் உள்ள புரதத்தை அது பற்றிக்கொள்வதால் வழவழப்பு போய்விடுகிறது. சிவப்பு ஒயின் தோலோடு நொதிப்பதால் டானின் அதிகம். வெள்ளைக்குச் சாற்றை முதலிலேயே பிழிந்து பிரித்துவிடுவதால் குறைவு. ஆகவே ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் துளியும் இனிப்பில்லாமல், வாயை இழுக்காமல் இருக்கும். இனிப்புச் சிவப்பு ஒயினோ இனித்துக்கொண்டே வாயை இழுக்கும். நாம் வைக்கும் சொல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

ஈரோடு, தமிழாசிரியர் (ஓய்வு)

ஆசிரியர் விளக்கியதிலேயே சொல் இருக்கிறது: துவர். ஆங்கிலத்தார் தொடுவுணர்வு என்று ஒதுக்குவதை அறுசுவையில் ஒன்றாக வைத்தவர்கள் நாம். துவர் என்பது அந்தச் சுவை. துவர் என்பது செந்நிறம், பவளத்துக்கும் பெயர், துறவியின் துவராடையும் அதுவே. துவர்தல் என்றால் ஈரம் போதல். குமரி மாவட்டத்தில் துண்டுக்குத் துவர்த்து என்கிறார்கள், மலையாளத்தில் தோர்த்து. சுவை, நிறம், உலர்தல் மூன்றும் ஒரே வேரில் நிற்கும்போது வேறெங்கே போய்த் தேடுவது? ‘துவர்தேறல்’ என்று எழுதுங்கள். ஒயின் என்ற சொல்லும் தேவைப்படாது. நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடிய புறநானூறு 56-இல் “யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்” என்று வருகிறது. கடல் கடந்து வந்த இதே பொருளுக்கு வைத்த பெயர்.

கோவை, உணவக மேலாண்மை ஆசிரியர்

ஐயா, வேர் அழகாக இருக்கிறது. அந்த அழகுதான் ஆபத்து. டானினுக்குத் துவர்ப்பு என்பதை விட்டால் நமக்கு வேறு சொல் இல்லை. அதே துவரை டிரைக்கும் கொடுத்தால், பிரிக்க வேண்டிய இரண்டையும் சேர்த்துக் கட்டியதாகிவிடும். வெள்ளை ஒயினுக்குத் ‘துவர்’ என்று அட்டையில் போட்டால், குடிப்பவர் பாக்கு மென்ற மாதிரி வாய் இழுக்கும் என்று காத்திருப்பார். இழுக்காது.

தொண்டாமுத்தூர், திராட்சை விவசாயி

ஏனுங்க, நம்மூர்த் தெளுவை, அதாவது பதநீரை வெச்சே இதைச் சொல்லலாமுங்க. கலயத்துல சுண்ணாம்பு தடவுனா தெளுவு, இனிக்கும். தடவாம விட்டா நொதிச்சுக் கள்ளாகுது, நேரம் ஆக ஆக இனிப்பு போயிருது. இனிப்பு போன கள்ளை ‘காஞ்ச கள்’ளுன்னு யாரும் சொல்றதில்லீங்க. ‘இனிப்பு அடங்கிய ஒயின்’னு வைக்கலாமுங்களா?

கோபி, மென்பொருள் தமிழாக்கம்

அண்ணா, பொருள் சரி, சொல் மாட்டிக்கும். பொட்டலத்தில் ‘பால் அடங்கியது’ என்று படித்துப் பழகியவர்கள், ‘இனிப்பு அடங்கிய’ என்றால் இனிப்பு சேர்த்தது என்றே படிப்பார்கள்.

டிரை என்றே விடலாம் என்பது என் கருத்து. புட்டியில் அதுதான் அச்சாகியிருக்கிறது, மேசையில் ஊற்றுபவரும் அதையேதான் சொல்வார். வடசொல் வடவெழுத்தை நீக்கி உள்ளே வரலாம் என்று தொல்காப்பியமே வழி வைத்திருக்கிறது. டிரைக்கு மட்டும் ஏன் கதவடைப்பு? சொல் வேண்டுமென்றால் ‘இனிப்பிலி’. சிறகிலி, பொறியிலி போல.

ஈரோடு, தமிழாசிரியர் (ஓய்வு)

தெளுவை நினைவூட்டிய தம்பிக்கு நன்றி. தெள், தெளிவு, தெளுவு, தேறு, தேறல்: ஒரே குடும்பம். கசடு அடியில் தங்க மேலே தெளிந்து நிற்பது தேறல். ஒயின் ஆலையிலும் கசடை அடியில் விட்டு மேல்தெளிவைத்தானே வேறு கலனுக்கு மாற்றுகிறார்கள்? ‘நன்கலம்’ கப்பலா, குப்பியா என்ற கேள்வியும் உண்டு. பழைய உரைகாரர் குப்பி என்கிறார். வெள்ளலூரில் ரோமானியக் காசு கிடைத்த நொய்யல் கரையில் இருந்துகொண்டு, திராட்சைத் தேறலை ‘ஒயின்’ என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

திருப்பூர், மொழிபெயர்ப்பாளர்

ஐயா, தேறலைத் தலைப்பில் ஒருமுறை போடலாம். உள்ளே முடியாது. திராட்சை ரசம் என்றும் எழுத முடியவில்லை. விவிலியத்தில் கானாவூர்க் கல்யாணத்தில் பந்தி விசாரிப்புக்காரன் ருசிபார்ப்பது அதுதான், ஆனால் கடையில் கேட்டால் வெறும் பழச்சாறு கொடுப்பார்கள். ஒயினாகவே இருக்கட்டும்.

இனிப்பிலி எனக்குப் பிடித்திருக்கிறது.

கோவை, உணவக மேலாண்மை ஆசிரியர்

எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் பயமாக இருக்கிறது. ‘இனிப்பிலி’ என்று பெயராகவே வைத்துவிட்டால், சர்க்கரை நோய்க்காரர் தமக்கென்றே செய்த பானம் என்று நினைத்துவிடுவார். மிச்சச் சர்க்கரை குறைவுதான், ஆல்கஹால் குறைவில்லையே. இன்சுலின் போடுகிறவர் வெறும் வயிற்றில் ஆறு மாதிரியையும் விழுங்கினால் இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். உமிழ்கலத்தில் துப்பலாம், துப்புவது மரியாதைக் குறைவல்ல என்று கையேட்டில் தனி வரியாகவே போடுங்கள்.

இன்னொரு கண்ணி: நுரைக்கும் ஒயினில் ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்றிருக்கும். ‘மிகவும் இனிப்பற்ற’ என்று பெயர்த்தால் தவறு. அதில் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை. ‘புரூட்’ என்பதில்தான் 12-க்கும் குறைவு. பெயரை நம்பாமல் கிராமைப் போடுங்கள்.

வரிசையையும் பாருங்கள். நுரைப்பது, வெள்ளை, இளஞ்சிவப்பான ரோஸே, சிவப்பு, கடைசியில் இனிப்பு. இனிப்பை முன்னால் ஊற்றினால் அடுத்து வரும் டிரை வெறும் புளிப்பாகத் தெரியும், “கெட்டுப்போச்சு” என்பார்கள். வெள்ளையை 8 முதல் 12 டிகிரியில் கொடுப்பது வழக்கம். குளிர்ச்சியில் இனிப்பு அமுங்கும், அதனால் 10 கிராம் உள்ளதும் டிரை போலத் தோன்றும். மறுபக்கம், பழமணம் தூக்கலாக இருந்தால் சர்க்கரையே இல்லாததையும் இனிக்கிறது என்பார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடித்தால் எது மணம், எது சர்க்கரை என்று தெரிந்துவிடும்.

திருப்பூர், மொழிபெயர்ப்பாளர்

எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘இனிப்பிலி’ பக்கம் வந்திருக்கிறீர்கள். அதையே ‘இனிப்பற்ற’ என்று மாற்றிக்கொள்கிறேன். பெயராக இல்லாமல் அடையாக நிற்பதால் மருந்துப் பொருள் குறைவாகத் தொனிக்கிறது. முடிவு: முதலில் வரும் இடத்தில் ‘இனிப்பற்ற, அதாவது டிரை’, பிறகு ‘இனிப்பற்ற’ மட்டும். டானினுக்குத் துவர்ப்பு. எக்ஸ்ட்ரா டிரை, புரூட் இரண்டும் அப்படியே, பக்கத்தில் கிராம். சர்க்கரை நோய் எச்சரிக்கை அட்டைக்குக் கீழே தடித்த எழுத்தில்.

தொண்டாமுத்தூர், திராட்சை விவசாயி

சரிங்க. ஆனா ‘அற்ற’ன்னா கொஞ்சங்கூட இல்லைன்னுதானுங்க அர்த்தம்? நாலு கிராம் இருக்குதே.

ஈரோடு, தமிழாசிரியர் (ஓய்வு)

தம்பி கேட்பது நியாயம். ‘இனிப்பற்ற’ என்பது விளக்கம், கலைச்சொல் ஆகாது. அச்சுக்குப் போகட்டும், நான் தடுக்கவில்லை; துவர் பற்றிய என் கருத்தும் மாறவில்லை. அதே அட்டையில் மூன்றாம் வரியில் ‘பாடி’ என்பதற்கு, அதாவது ஒயின் வாயில் எவ்வளவு அடர்த்தியாகத் தெரிகிறது என்பதற்கு, வரைவு ‘உடல்’ என்கிறது. ‘நடுத்தர உடல் கொண்ட ஒயின்’ என்றால் யாருக்குப் புரியும்? ‘கனம்’ என்கலாமா, ‘திண்மை’ என்கலாமா? புதன் இரவுக்குள் எழுதுங்கள்.