கடகடவென்று வாசிக்கிறாள், கேள்வி கேட்டால் முழிக்கிறாள்: ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன செய்யலாம்?

முக்கூடல் திண்ணை:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் முக்கூடல் பக்கம். மகள் ஐந்தாம் வகுப்பு, தமிழ் மீடியம். வாசிப்பதில் ஒரு குறையும் இல்லை. பேப்பரைக் கையில் கொடுத்தாலும் தட்டாமல் வாசித்துவிடுவாள். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். நான் பீடித்தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே அவர்களைப் படிக்க வைப்பேன்.

சிக்கல் எல்லாம் 'பத்தியைப் படித்து விடையளி' என்று வருமே, அதில்தான். போன வாரம் கூந்தன்குளம் பற்றி ஒரு பத்தி:

"கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடு கட்டுகின்றன. அவை குஞ்சு பொரித்து வளர்க்கும்வரை ஊரார் காவல் காக்கின்றனர். ஊரார் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பறவைகளின் எச்சம் கலந்த குளத்து நீர் வயல்களுக்குப் பாய்கிறது."

கேள்வி: ஊரார் ஏன் பட்டாசு வெடிப்பதில்லை? இவள் எழுதிய பதில்: "ஊரார் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை." அடுத்த கேள்வி: பறவைகளால் ஊருக்கு என்ன நன்மை? அதை எழுதாமலேயே விட்டுவிட்டாள். "பத்தியில நன்மைங்கிற வார்த்தையே இல்லம்மா" என்கிறாள்.

விசாரித்தால், டியூஷனில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கேள்வியில் உள்ள வார்த்தை பத்தியில் எங்கே வருகிறதோ அந்த வரியை அப்படியே எழுது, மார்க் விழுந்துவிடும் என்று. விழவும் செய்கிறது. அடுத்த வருஷம் ஆறாம் வகுப்பு போனால் அறிவியல், சமூக அறிவியல் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்குமே என்றுதான் பயம். நான் பத்தாவதுதான் படித்திருக்கிறேன். வீட்டில் வைத்து என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

கல்லிடை வாத்தியார்:

அம்மா, வணக்கம். பணி ஓய்வு பெறும்வரை நாலாப்பு, அஞ்சாப்பு தவிர வேறு வகுப்பு பார்க்காதவன் நான். உங்கள் மகள் கெட்டிக்காரி. மெனக்கெடாமல் மார்க் வாங்க வழி காட்டினார்கள், பிடித்துக்கொண்டாள். இதைப் பாருங்கள்:

"மொடுக்கன் விடியுமுன் தடுவையைச் சிலுக்கினான்."

மொடுக்கன் எதைச் சிலுக்கினான்? தடுவையை. எப்போது சிலுக்கினான்? விடியுமுன். இரண்டுக்கும் முழு மார்க். தடுவை என்றால் என்ன என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, நானே இட்டுக்கட்டியது. 'ஐ' உருபு பதிலைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நம் பரீட்சைக் கேள்விகளில் பாதி இந்த ரகம்தான்.

முதலில் பிள்ளைக்குச் சிக்கல் எங்கே என்று பாருங்கள். புதிதாக ஒரு பத்தியை நீங்கள் வாசியுங்கள், அவள் சும்மா கேட்கட்டும். கேட்டு முடித்ததும் கேள்வியைப் போடுங்கள். காதால் கேட்டால் புரிகிறது, தானே வாசித்தால் புரியவில்லை என்றால், கவனம் முழுக்க வாசிக்கிற வேலையிலேயே போய்விடுகிறது என்று அர்த்தம். வேகமாக வாசிக்கிற பிள்ளைக்கும் இது உண்டு. சத்தமாக, நிறுத்தாமல் வாசித்தால்தானே நாம் சபாஷ் போடுகிறோம்? அதே பத்தியை மெதுவாக, மனசுக்குள் இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லுங்கள். கேட்டும் புரியவில்லை என்றால் சங்கதி வேறு. அந்த விஷயமே அவளுக்குப் புதிது, அல்லது புத்தகத் தமிழ் இன்னும் பிடிபடவில்லை. அப்போது எத்தனை தடவை வாசிக்க வைத்தாலும் தொண்டைத் தண்ணீர்தான் வற்றும். உட்கார்ந்து பேச வேண்டும். நாரைக் கூட்டுக்கு அடியில் ஓலைவெடி வெடித்தால் குஞ்சு என்னாகும் என்று திண்ணையில் பேசிவிட்டு அப்புறம் பத்தியைக் கொடுங்கள்.

'அவை குஞ்சு பொரித்து' என்று வருகிறதல்லவா? அங்கே நிறுத்தி, 'அவைன்னா எது?' என்று கேட்டுப் பாருங்கள். மரங்களா, நாரைகளா? சிரிப்பாக இருக்கும், ஆனால் பிள்ளைகள் நழுவுகிற இடம் இந்த மாதிரிச் சின்னச் சின்ன வார்த்தைகள்தான்.

அடுத்து, கைடு வாங்காதீர்கள். பேப்பரில் அணை நீர்மட்டம் வரும். மாதிரிக்கு ஒன்று எழுதுகிறேன் (நிலவரம் என் கற்பனை, உச்சநீர்மட்டம் மட்டும் நிஜம்):

"143 அடி உச்சநீர்மட்டம் கொண்ட பாபநாசம் அணையின் நீர்மட்டம் 116 அடியாக உள்ளது. அணைக்கு விநாடிக்கு 310 கன அடி தண்ணீர் வருகிறது. 804 கன அடி திறந்துவிடப்படுகிறது. 118 அடி உச்சநீர்மட்டம் கொண்ட மணிமுத்தாறு அணையின் நீர்மட்டம் 109 அடியாக உள்ளது."

இதில் கேட்க வேண்டிய கேள்வி 'பாபநாசம் அணையின் நீர்மட்டம் என்ன?' இல்லை. அது தடுவைக் கேள்வி. 'இப்படியே போனால் நாளைக்கு பாபநாசத்தில் தண்ணீர் ஏறுமா, இறங்குமா?' என்று கேளுங்கள். பதில் எந்த வரியிலும் எழுதியிருக்காது, ஆனால் பத்திக்குள்தான் இருக்கிறது. வருகிறதையும் போகிறதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 'எந்த அணை சீக்கிரம் நிறையும்போல இருக்கு?' என்று கேட்டால் பாதிப் பிள்ளைகள் பாபநாசம் என்பார்கள், 116 பெரிய எண் என்பதால். உச்சநீர்மட்டத்தைக் கவனித்த பிள்ளை மணிமுத்தாறு என்று சொல்லும். உடனே சரி, தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். 'எந்த வரியை வச்சுச் சொல்லுதே?' என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை விரலை வரியில் வைத்துக் காட்ட வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

ஒரு பத்திக்கு மூன்று கேள்வி தாராளம். ஒன்று வரியிலேயே இருக்கட்டும், பிள்ளைக்குத் தைரியம் வரும். ஒன்று இரண்டு வரியைச் சேர்த்தால் கிடைப்பதாக இருக்கட்டும். ஒன்று 'நீ என்ன நினைக்கே, ஏன்?' என்று. 'இக்கதையின் நீதி யாது' மட்டும் வேண்டவே வேண்டாம். எந்தக் கதையைக் கொடுத்தாலும் 'பொய் சொல்லக் கூடாது சார்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். கதையில் யாருமே பொய் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வி.கே.புரம் டீச்சர்:

வாத்தியார் சாரின் மொடுக்கனை நாளைக்கே என் வகுப்புக்குக் கொண்டு போகிறேன்! அக்கா, உங்கள் திண்ணையில் நாலைந்து பிள்ளைகள் இருப்பது ரொம்ப நல்லது. எங்களுக்கு ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்துப் பிரிக்கிற மூன்று நிலையிலும் பிள்ளைகள் இருப்பார்கள். எல்லாருக்கும் ஒரே பத்தியை வைத்து ஓட்ட முடியாது.

உங்களுக்கு ஏற்ற மாதிரி ஒரு முறை இருக்கிறது. 1984-ல் பாலின்சார், பிரௌன் என்று இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதியது. சரளமாக வாசித்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்து பார்த்தார்கள். பிள்ளைகளே முறை வைத்து டீச்சர் ஆக வேண்டும். டீச்சரான பிள்ளைக்கு நாலு வேலை: வாசித்த பகுதியில் மற்றவர்களிடம் ஒரு கேள்வி கேட்பது, சுருக்கிச் சொல்வது, புரியாத இடத்தைக் காட்டித் தெளிவுபடுத்துவது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது. ஆரம்பத்தில் நீங்கள் செய்து காட்டி, கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் கையில் விடுங்கள். என் வகுப்பில் குச்சியை நீட்டி, "ஏல, பத்தியைப் பாத்துச் சொல்லு" என்று அதட்டுகிற பிள்ளை டீச்சர்கள்தான் அதிகம், அதெல்லாம் போகட்டும். கேள்வி கேட்க வேண்டியிருப்பதால் வாசிக்கும்போதே தேட ஆரம்பிக்கிறார்கள், அதுதான் லாபம். முதலில் தடுவைக் கேள்வியாகத்தான் கேட்பார்கள். 'ஏன்', 'எப்படி' என்று தொடங்குகிற கேள்விக்கு மட்டும் கைதட்டல் என்று வையுங்கள், மாறிவிடும்.

அப்புறம் புத்தகம். வாசிப்பு இயக்கத்தில் வந்த சின்னப் புத்தகங்கள் அரசுப் பள்ளிகளில் உண்டு. நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்திருப்பார்கள். வகுப்பு டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள். எழுத்துக்கூட்டுகிற பிள்ளை இருந்தால் 'நுழை'யிலிருந்தே ஆரம்பிக்கலாம், அஞ்சாப்புக்கு இதுவா என்று வெட்கப்பட வேண்டாம்.

மேலப்பாளையம் வாப்பா:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகன் நாலாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். நான் வெளிநாட்டில் இருக்கிறேன், ராத்திரி வீடியோ காலில்தான் பாடம். இங்கிலீஷ் பத்தியை அழகாக வாசிக்கிறான். ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியவில்லை. தமிழில் விளக்கினால் இங்கிலீஷ் வராமல் போய்விடும் என்று பள்ளியில் சொல்கிறார்கள். உண்மையா?

வி.கே.புரம் டீச்சர்:

எனக்கு அதில் உடன்பாடு இல்லை அண்ணாச்சி. பயலுக்கு விஷயம் தெரிந்திருந்தால்தான் பத்தி ஏறும். 1988-ல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். வாசிப்பில் மட்டமாக இருந்தாலும் அந்த ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். அதனால் முதலில் வீட்டுப் பேச்சிலேயே விஷயத்தைப் பேசுங்கள். பிறகு இங்கிலீஷ் பத்தி. பதிலைத் தமிழில் சொல்லட்டும், அடுத்தபடியாக இங்கிலீஷில் சொல்லலாம். பையனுக்குக் கிரிக்கெட் பிடிக்குமா? நேற்றைய மேட்ச் பற்றிய இங்கிலீஷ் செய்தியில் நாலே வரி கொடுத்துப் பாருங்கள்.

முக்கூடல் திண்ணை:

சார், டீச்சர், இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. காதால் கேட்க வைத்துப் பார்த்தேன். கேட்டதும் டக்கென்று சொல்கிறாள், நாரைக் குஞ்சு பயந்து கூட்டிலிருந்து விழுந்துவிடும் என்று. அப்போ வேகம்தான் போலிருக்கிறது.

அணைச் செய்தியையும் போட்டேன். சார் சொன்ன மாதிரியே என் மகள் 'பாபநாசம்' என்றாள். அடுத்த வீட்டுப் பையன், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான், அவன் தாத்தாவுக்கு வயல் உண்டு. "வாரது கம்மி, போறது கூட. பாபநாசம் எப்படி ரொம்பும்?" என்று கேட்டுவிட்டான். இவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. விரலை வைத்து இரண்டு பேரும் வரி வரியாகச் சண்டை போட்டார்கள். பீடிக் கணக்கு அன்றைக்குக் குறைந்ததுதான் மிச்சம், பரவாயில்லை.

ஒரே ஒரு சந்தேகம். வாயால் நன்றாகச் சொல்கிறாள். எழுதச் சொன்னால் மறுபடி பத்தியில் உள்ள வரியையே காப்பி அடிக்கிறாள். எழுத வைக்கவா, சொன்னால் போதும் என்று விடவா?

கல்லிடை வாத்தியார்:

எழுதத்தான் வேண்டும், ஆனால் பத்தியை மூடி வைத்துவிட்டு எழுதட்டும். முதலில் வாயால் சொல்லட்டும். சொன்னதையே எழுதட்டும், 'குஞ்சு பயந்துரும்' என்று எழுதினாலும் சரி. எழுதி முடித்த பிறகு பத்தியைத் திறந்து, தான் எழுதியதற்கு ஆதாரமான வரி எது என்று அவளே பென்சிலால் கோடு போடட்டும். காப்பி அடிக்க வழியே இல்லை. பேச்சு மொழியில் எழுதிய வரியைப் புத்தகத் தமிழுக்கு மாற்றுவதை மறுநாள் தனி வேலையாகச் செய்யலாம்.

பரீட்சையில் வரியைத் தேடி எழுதுகிற கேள்வி வந்தால் தேடியே எழுதட்டும், அதைத் தடுக்க வேண்டாம். 'ஏன்' கேள்வி வரும்போது மட்டும் 'ஏனென்றால்' என்று தொடங்கி எழுதச் சொல்லுங்கள். அப்படித் தொடங்கிவிட்டால் "ஊரார் பட்டாசு வெடிப்பதில்லை" என்று முடிக்க அவளுக்கே கூச்சமாக இருக்கும்.

அந்தப் பையனை விட்டுவிடாதீர்கள். அவனுக்கு விஷயம் தெரிகிறது, எழுத்துதான் இடறுகிறது. டீச்சர் சொன்ன 'நுழை' புத்தகம் அவனுக்குத்தான். உங்கள் மகளோடு ஜோடி போட்டு, அவள் வாசிக்க அவன் கேள்வி கேட்கட்டும், மறுநாள் மாற்றிவிடுங்கள். இன்னொன்று, இந்தப் பதில் நோட்டில் ர, ற பிழைக்கெல்லாம் சிவப்பு மை போடாதீர்கள். அதற்கு வேறு நோட்டு.