படகு கேபின் ஜன்னல்: புதுப்பிப்பு

கடலூரில் நிற்கும் மச்சானின் விசைப்படகில் கேபின் ஜன்னல் ஒழுகுகிறது, சட்டத்தைக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுவந்து சரிசெய்யலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் இருந்தது. அதனால் தைரியமாகக் கழற்றினோம்.

ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் இருந்த பழைய அக்ரிலிக் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்) தாள் முழுக்க முடி இழை போல விரிசல். சட்டம் நல்ல அலுமினியம், திருகு போன இடத்தில் மட்டும் வெள்ளையாகப் பொடிந்திருந்தது. எவர்சில்வர் திருகும் அலுமினியமும் உப்புநீரில் சேர்ந்தால் அப்படித்தான். பழையபேட்டையில் ஒரு பட்டறை அண்ணன் பொறுமையாகத் தேய்த்துக் கொடுத்தார். அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

புதிய தாள் போடும்போது முக்கியமானது, தாளுக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி. அக்ரிலிக் வெயிலில் நன்றாகவே விரியும், 60 செ.மீ. தாள், வெப்பம் 40 டிகிரி கூடினால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதனால் சுற்றிலும் இடம் விட்டு, திருகுத் துளையையும் பெரிதாக்கினோம். ஒழுகாமல் அடைக்க, சிலிகான் பசைக்குப் பதில் பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் பட்டை). வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் அலுமினியத்தை அரிக்கும், வேண்டாம். திருகுகளையும் ஒரே மூச்சில் இறுக்கவில்லை; டேப் பிதுங்கப் பிதுங்க, விட்டுவிட்டு இறுக்கினோம்.

ஒருவர் தின்னரால் துடைக்கச் சொன்னார். தயவுசெய்து வேண்டாம், அக்ரிலிக்கில் விரிசல் விழுந்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.

ஹோஸ் வைத்து அடித்துப் பார்த்தோம், உள்ளே சொட்டுகூட இல்லை. மச்சான் முகத்தைப் பார்க்கணுமே! முன்பக்கக் கண்ணாடி அடுத்த தடைக்காலத்தில்தான்.