டோங்காட் வீட்டை ட்ரோனில் படமெடுக்க யாரிடம் கொடுப்பது?

கரும்புத்தோட்டத்தான்:
எல்லோருக்கும் வணக்கம். டர்பனுக்கு வடக்கே, டோங்காட்டில் மாமனார் கட்டிய வீட்டை விற்கப் போகிறோம். மேட்டில் இருக்கிறது, பின்னால் மாமரமும் லிச்சி மரங்களும். தரையில் நின்று எடுத்தால் மதிலும் கேட்டும்தான் படத்தில் விழுகின்றன. கூரைக்கு மேலே போனால்தான் கரும்புக்காட்டைத் தாண்டிக் கடல் தெரியும். அதனால் ட்ரோன் படம் வேண்டும் என்கிறார் ஏஜென்ட், செலவு எங்களுடையது.

மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒன்று ஜோகன்னஸ்பர்க் நிறுவனம். இன்னொன்று இங்கே பக்கத்தில் உம்லங்காவில் சிறிய நிறுவனம். விமான நிலையம் அருகில் இருப்பதால் ஒப்புதல் வாங்க நாளாகும் என்கிறார்கள். மூன்றாவது, கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு பையன். மற்றவர்கள் கேட்பதில் மூன்றில் ஒரு பங்குதான், நாளைக்கே வருகிறானாம். மூவரின் மாதிரிப் படங்களும் என் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகின்றன. எதை வைத்து முடிவு செய்வது?

ஃபீனிக்ஸ் மாப்பிள்ளை:
பையனிடமே கொடுங்கள் அண்ணா. பத்து நிமிட வேலை. மேலே போய் இறங்குவதற்குள் யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

செங்காந்தள்:
ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான் மாப்பிள்ளை. மாட்டிக்கொண்டால் பதில் சொல்வது நீங்கள் அல்லவே.

நான் இந்தக் கரையோரத்தில் வீடு விற்றுக் கொடுப்பவள். கரும்புத்தோட்டத்தான் தம்பி, முதலில் அந்த மாதிரிப் படங்களை மூடி வையுங்கள். பாலிட்டோ மாதிரிக் கடற்கரை ஊரில் வெயில் நாளில் யார் எடுத்தாலும் அழகாகத்தான் வரும். கேட்க வேண்டியது காகிதங்களை.

2015 ஜூலை 1 முதல் தென்னாப்பிரிக்காவில் ட்ரோனுக்குத் தனி விதிகள் உண்டு. ஆதாயம் கருதாமல் சொந்தப் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுவது ஒரு வகை. வீடு விற்பதற்காகக் கூலி வாங்கிக்கொண்டு பறக்கவிடுவது முற்றிலும் வேறு வகை. ஓட்டுபவரிடம் ரிமோட் பைலட் உரிமம், நிறுவனத்திடம் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் இயக்கச் சான்றிதழ், அதனுடன் வான்சேவை உரிமம், மூன்றாம் தரப்புக் காப்பீடு எல்லாம் இருக்க வேண்டும். டோங்காட்டோ கிங் ஷாகா விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வருகிறது. அங்கே தனி ஒப்புதல் இல்லாமல் எழும்பக்கூடாது. ஆகவே நாளாகும் என்று சொன்னவரைத்தான் நான் முதலில் கூப்பிடுவேன். நாளைக்கே வருகிறேன் என்றவனுக்கு விதி தெரியவில்லை, அல்லது தெரிந்தும் கவலையில்லை. ட்ரோன் பக்கத்து வீட்டுக் கார் கண்ணாடியில் விழுந்தால் அவனுக்காக எந்தக் காப்பீடு வரும்?

ஜோகன்னஸ்பர்க்காரரிடம் ஒன்று கேளுங்கள்: பறக்கவிட வருபவர் உங்கள் ஆளா, இங்கே பிடித்த ஆளா? வருபவரின் உரிமத்திலும் சான்றிதழிலும் உள்ள பெயர்களைப் பாருங்கள். வேறு நிறுவனத்தின் சான்றிதழின் கீழ் பறக்கிறார் என்றால், அந்த நிறுவனமே எழுத்தில் உறுதி தரட்டும்.

அடுத்தது, என்ன படம் வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டும். டோங்காட்டில் வீடு தேடி வருபவர் கடலைப் பற்றி இரண்டாவதாகத்தான் கேட்பார். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராமல் இருந்ததை யாரும் மறக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி இருந்தால் அது படத்தில் தெரிய வேண்டும். 2024 ஜூன் மாதச் சூறாவளிக்குப் பிறகு கூரையையும் உற்றுப் பார்க்கிறார்கள். மேலிருந்து எடுத்தால் துருப்பிடித்த தகடு, ஓடு மாற்றிய இடம், அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய் எல்லாம் பளிச்சென்று தெரியும். பழுது பார்ப்பதானால் படமெடுப்பதற்கு முன்பே பாருங்கள். படத்தில் துருவை அழித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சொத்துத் தரகர் சட்டப்படி, உங்களுக்குத் தெரிந்த குறைகளைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். படிவம் ஒன்று சொல்லிப் படம் வேறொன்று சொன்னால் தலைவலி உங்களுக்குத்தான்.

கேமராக்கிழவன்:
அக்கா சொன்னதோடு வெளிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டோங்காட்டில் கடல் கிழக்கே. காலையில் கடலைப் பார்த்து எடுத்தால் சூரியன் லென்சுக்குள் நேராக வரும்; கடல் வெள்ளைத் தகடாகிவிடும். கூரைக்கு மேலாகக் கடல் தெரிய வேண்டுமானால் பிற்பகலில், மேற்கே இருந்து எடுக்க வேண்டும். வீட்டின் முகப்பு கிழக்கு நோக்கியிருந்தால் அதற்குக் காலை வெயில். இரண்டு வேளையும் நிற்பாரா, ஒரே வேளையில் முடித்துக்கொண்டு போவாரா என்று விலை பேசும்போதே கேளுங்கள். பிற்பகலில் வடகிழக்குக் காற்று பலமாக எழுந்தால், அல்லது பக்கத்தில் கரும்பு எரித்துப் புகை கவிந்திருந்தால், கூடுதல் கட்டணமில்லாமல் வேறு நாள் வர வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். விலைப் பட்டியலில் அந்த வரி இல்லாதவர் எந்த வானத்திலும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார்.

இன்னொன்று. ஒப்புதல் வர மிகவும் தாமதமானால், நீட்டிக்கொள்ளும் உயரக் கம்பத்தில் கேமராவைக் கட்டி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் எதுவும் பறப்பதில்லை. மேட்டு வீட்டுக்கு அந்த உயரமே போதுமாக இருக்கலாம். நான் அதைத்தான் முதலில் விசாரிப்பேன், ஆனால் நான் பழைய ஆள்.

கரும்புத்தோட்டத்தான்:
மிக்க நன்றி அக்கா, ஐயா. இன்னும் இரண்டு சந்தேகம். படங்கள் யாருக்குச் சொந்தம்? ஏஜென்டை மாற்றினால் வேறொருவரிடம் கொடுக்கலாமா? நிலத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டுத் தருவதாக உம்லங்கா நிறுவனம் சொல்கிறது, அது நல்லதுதானே?

செங்காந்தள்:
1978 பதிப்புரிமைச் சட்டப்படி, கூலி கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே புகைப்படத்தின் உரிமை. ஆனால் ஒப்பந்தத்தில் அதை மாற்றி எழுதிக்கொள்ளலாம். படங்களை ஒரு ஏஜென்ட், ஒரு விளம்பரத்துக்கு மட்டும்தான் பயன்படுத்தலாம் என்று சுருக்குபவர்களும் உண்டு. சிறிய எழுத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பணம் கொடுப்பது நீங்கள் என்பதால் பில்லும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், ஏஜென்ட் பெயரில் வேண்டாம்.

சிவப்புக் கோட்டை வேலியைப் பார்த்துப் போட விடாதீர்கள். அந்தப் பக்கத்துப் பழைய வேலிகள் பல எல்லைக்கல்லோடு ஒத்துப்போவதில்லை. நில அளவை அலுவலக வரைபடத்தின் நகலைக் கொடுத்து, அதன்படி போடச் சொல்லுங்கள். முடியாது என்றால் கோடே வேண்டாம். பக்கத்து வீட்டாரிடமும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கட்டடங்களுக்கும் ஆட்களுக்கும் 50 மீட்டருக்குள் பறக்கவிடுவதற்கும் கட்டுப்பாடு இருக்கிறது, அவர்கள் சம்மதம் தேவைப்படலாம். கொடியில் துணி காயப்போடும் சனிக்கிழமையைத் தவிர்த்தால் அவர்களும் சந்தோஷமாகச் சரி என்பார்கள்.