பிக்கப் கேபினுக்கு முதலில் எதை வாங்கலாம்?

கேள்வி: ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து பாலக்காட்டுக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறேன். பழைய பொலிரோ பிக்கப், ஏசி கிடையாது. மழை நாளில் சந்தைச் சேறு முழுக்க உள்ளே வந்துவிடுகிறது. மதியம் ரெக்சின் சீட்டில் முதுகு வேகிறது. கையில் 3,000 ரூபாய் இருக்கிறது. எதை முதலில் வாங்கலாம் அண்ணா?

பதில்: தம்பி, நான் 18 வருடமாகத் தக்காளி லோடு ஓட்டுகிறவன். முதல் செலவு தரைக்குத்தான். ஓரம் உயர்ந்த ரப்பர் மேட் வாங்குங்கள், குழாயடியில் கழுவிப் போட்டுவிடலாம். ஆனால் பழைய மேட்டின் மேலேயே புதியதை விரிக்காதீர்கள். எனக்கு ஒருமுறை மேல் மேட் நழுவி பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கிக்கொண்டது. பழனி ரோட்டில், முன்னால் ஒரு பஸ். இன்றைக்கும் வண்டி எடுக்குமுன் காலால் மேட்டை இழுத்துப் பார்க்கிறேன். அப்புறம் சீட்டுக்கு மரமணி கவர். முதுகுக்குக் காற்று போகும்.

இன்னொரு பதில்: போன் ஸ்டாண்டை டேஷ்போர்டில் திருகி மாட்டுங்கள். கண்ணாடியில் ஒட்டுவது வெயிலில் கழன்று விழும்.

கேட்டவர்: சரி அண்ணா, நாளைக்கே மேட். ஆர்சி, பில் எல்லாம் எங்கே வைக்கிறீர்கள்?

பதில்: சன் வைசரில் மாட்டுகிற ஜிப் பை. நனையாது.